காலர் மைக்

கொருக்குப்பேட்டை கேட்டை இன்றைக்கும் போட்டுவிட்டான்.
கூட்ஸ் வண்டி. நாற்பத்தெட்டு டேங்கர் எண்ணினேன்.
டெம்போவில் ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெட்டி,
பச்சைப் போர்வைக்குள் மிக்சர்.
பல்கலைக்கழக அரங்கின் சொந்த செட்
போன மழையில் ஊறிப்போனதாம்.
மூவாயிரம் கேட்டு
இரண்டாயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது.

பேனரில் பெயர்: தெரசா இளங்குமரன்,
முன்னாள் விண்வெளி வீராங்கனை.
"விண்"ணின் சுழி
துணி மடிப்பில் காணாமல் போயிருந்தது.

பெண் என்பதால் மைக் மாட்டும் வேலை எனக்கு.
சேலையில் கிளிப் நிற்காது.
ஊக்கு ஒன்றைக் கடன் வாங்கி,
ஒயரை முந்தானைக்கு அடியில் இறக்கி,
இடுப்பில் பெட்டியைச் செருகும்போது சொன்னார்:
"எனக்கு நூற்று முப்பது கிலோ உடுப்பை மாட்டிவிட
ரெண்டு பேர் இருந்தாங்க.
அவங்களும் இப்படித்தான்
மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க."

ஹெட்போனில் முதலில் கேட்டது
பேச்சல்ல, முழங்கால்.
மேடைக்கு ஐந்து படி.
மூன்றாவதில் ஒரு "ஸ்ஸ்".
நூற்று அறுபத்தேழு நாள் எடையே இல்லாமல் இருந்தவர்
அவ்வளவு எடையோடும்
என் காதுக்குள் ஏறிக்கொண்டிருந்தார்.

துணைவேந்தர் பேசினார். பதிவாளர் பேசினார்.
பொன்னாடை மைக்கில் உரசிப் புயல் அடித்தது.
இறக்கி, ஏற்றினேன்.

பிறகு அவர்:
சுவரோடு கட்டிய பையில் தூங்கியது,
அழுதால் கண்ணீர் விழாமல்
கண்ணிலேயே குமிழாக ஒட்டிக்கொள்வது,
ஊர் திரும்பிய வாரம்
காப்பி டம்ளரைக் காற்றில் வைத்துவிட்டுத் திரும்பியது.
அரங்கம் சிரித்தது.
சிரிப்புக்கு அடியில் அவர் எச்சில் விழுங்கியது
எனக்கு மட்டும்.

நடுவில் காற்று திரும்பியது.
"ஏதாவது எரியுதா?" என்று நிறுத்தினார்.
"மணலி, மேடம்!"
நாநூறு பேரும் ஒரே குரலில்.

கேள்வி நேரம்.
கடைசி வரிசைக்கு முந்தியதில் ஒருத்தி எழுந்தாள்.
லூர்து ஷைனி, முதலாண்டு, எர்ணாவூர்.
"மேடம், மேலேர்ந்து பாத்தா
எங்க முகத்துவாரம் தெரியுமா?
சாம்பல் வந்து அடைச்சிக்கிச்சே, அது?
எங்கப்பாவுக்கு அங்கதான் எறா பாடு."

நாலு விநாடி.
அரங்கத்துக்கு அது ஒன்றுமில்லை.
ஹெட்போனில் நாலு விநாடி என்பது
விளக்கில்லாத நீளமான வராண்டா.
"தெரிஞ்சுது" என்றார்.
"ஒருநாள் விடியக்காலை.
கடலுக்குப் பக்கத்துல,
சாம்பல் நிறத்துல, நகக்கீறல் மாதிரி."
கைதட்டல். மீட்டர் சிவப்புக்குப் போனது.
ஷைனி உட்காரவில்லை,
பக்கத்தில் இருந்தவள் இழுத்து உட்காரவைத்தாள்.

தேசிய கீதம். செல்ஃபிக் கும்பல்.
பாதி அரங்கம் இன்னும் கலையவில்லை.
திடீரென்று இரண்டு பெட்டியிலும்
"ஆமா, முடிஞ்சுது" என்றது அவர் குரல்.
சிலர் மேடையைப் பார்த்தார்கள். மேடை காலி.
மைக்கோடு வெளியே போயிருக்கிறார், போனில்.
விரல் தானாக ஃபேடரைக் கீழே இழுத்தது.
பெட்டிகள் ஊமையாயின.

ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும்.

"இல்லப்பா, நான் எங்க பாத்தேன்.
இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் மேகம்,
இல்லன்னா என் தூக்க நேரம்...
அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டே இருந்தா."
காற்று.
"நின்னுக்கிட்டே இருந்தாப்பா."
பிறகு படி. மறுபடி முழங்கால்.

ஊக்கைக் கழற்றும்போது கேட்டார்:
"இது ஆன்லயா இருந்துச்சு?"
மிக்சரின் அத்தனை ஃபேடரும் கீழே கிடந்தன.
"இல்ல மேடம்" என்றேன்.
என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.
ஊக்கை மட்டும் திருப்பித் தரவில்லை.
அது யாருடையது என்று எனக்கும் மறந்துவிட்டது.

டெம்போவில் ஏற்றி முடிக்க ஏழரை.
இருநூறு இன்னும் பாக்கி, திங்கட்கிழமை வரச்சொன்னார்கள்.
பஸ் ஸ்டாப்பில் ஷைனி,
ஒரு காதைப் பொத்திக்கொண்டு,
கன்டெய்னர் லாரிகளுக்கு மேலே கத்திக்கொண்டிருந்தாள்:
"தெரிஞ்சுதாம்பா! நம்மளுதுதான்!
கீறல் மாதிரி, சாம்பலா..."

கேட் மறுபடி போட்டிருந்தது.
எத்தனை டேங்கர் போயின, பார்க்கவில்லை.
மடியில் காலர் மைக்,
அணைக்க மறந்து,
சின்னப் பச்சை விளக்கோடு.